கணக்கு முடிக்கும்போது லீவுக்குக் காசு: நாள் எண்ணுவதிலிருந்து கையில் வாங்குவது வரை

நான் முதலில் வேலை பார்த்த நூற்பாலையில் நாலரை வருடம் இருந்தேன். விலகிய அன்று கணக்கு முடிக்க டைம் ஆபீஸ் ஜன்னலில் நின்றபோது, மிச்சமிருக்கும் இ.எல். (ஈட்டிய விடுப்பு) என்ன ஆகும் என்று கேட்டேன். “நீயாகத்தானே போறே, அதுக்கெல்லாம் காசு கிடையாது” என்றார் உள்ளே இருந்தவர். நம்பிவிட்டேன். அது 19 நாள் சம்பளம். சில வருடம் கழித்து வேறொரு ஆலையில் அதே மாதிரி ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்து நானே வருகைப் பதிவேடு எழுதத் தொடங்கியபோதுதான் தொழிற்சாலைகள் சட்டத்தின் 79ஆவது பிரிவை வாசித்தேன். தானாக விலகினாலும் கொடுக்க வேண்டும் என்று அதில் தெளிவாக இருந்தது. அந்த மனிதர் என்னை ஏமாற்ற நினைத்தார் என்று இப்போதும் நான் நினைக்கவில்லை. அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

அதனால் இதை இரண்டு பேருக்காகவும் எழுதுகிறேன்: கணக்கு முடித்துக் கொடுக்கும் சிறு முதலாளி அல்லது கணக்குப்பிள்ளை ஒருவர், வாங்கிக்கொண்டு போகும் தொழிலாளி ஒருவர். தமிழ்நாட்டில் தனியார் துறையில் வேலை செய்பவர்களைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அரசு ஊழியர்களுக்கு விதி வேறு. மாநில அரசில் 240 நாள், மத்திய அரசில் 300 நாள் வரை சேர்த்து ஓய்வு பெறும்போது காசாக்கிக்கொள்ளலாம். அது தனிக் கதை.

முதலில், உங்களுக்கு எந்தச் சட்டம்?

இதைத் தவறாகப் பிடித்தால் பின்னால் போடும் கணக்கு எல்லாமே தவறாகிவிடும். 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நாடு முழுக்க நடைமுறைக்கு வந்தன. விடுப்பு விஷயத்தில் தொழிற்சாலைகள் சட்டம் இருந்த இடத்தில் இப்போது 2020ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் தொகுப்புச் சட்டம் இருக்கிறது. அதன் 32ஆவது பிரிவுதான் இனி நம் பிரிவு. சம்பளம் எப்போது கொடுக்க வேண்டும், பிடித்தம் எவ்வளவு செய்யலாம் என்பதை 2019ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்புச் சட்டம் சொல்கிறது.

10 பேரோ அதற்கு மேலோ தொழிலாளர்கள் இருக்கும் தொழில், வியாபாரம், உற்பத்தி எதுவானாலும் 32ஆவது பிரிவு பொருந்தும். ஆனால் அது “தொழிலாளி” என்ற வரையறைக்குள் வருபவர்களுக்கு மட்டும். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்கள் அதில் வரமாட்டார்கள். மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளர்களும் வரமாட்டார்கள். இவர்களுக்கு வேலை நியமனக் கடிதமும் கம்பெனியின் விடுப்பு விதியும் என்ன சொல்கின்றனவோ அதுதான். ஆகவே மேலாளர் பதவியில் இருப்பவர்கள் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியது தங்கள் நியமனக் கடிதத்தை.

பத்துப் பேருக்கும் குறைவான கடை, அலுவலகம் என்றால் 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைப் பார்க்க வேண்டும். அதன் 25ஆவது பிரிவின்படி 12 மாதம் தொடர்ந்து வேலை செய்தவருக்கு அடுத்த 12 மாதத்தில் 12 நாள் சம்பளத்துடன் விடுமுறை உண்டு. அதை 24 நாள் வரை சேர்த்து வைக்கலாம். ஆனால் இங்கே ஒரு கொக்கி இருக்கிறது. முதலாளி வேலையை விட்டு நிறுத்தினால் அந்த விடுமுறைக்குக் காசு உண்டு. தொழிலாளி தானாக விலகினால், விடுமுறை கேட்டு மறுக்கப்பட்டிருந்தால்தான் உண்டு. ஜவுளிக்கடையிலோ மளிகைக்கடையிலோ வேலை பார்த்துவிட்டு விலகப் போகிறவர்கள் இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ராஜினாமாவுக்கு முன்பு விடுமுறையை எழுத்தில் கேளுங்கள். கொடுத்தால் ஓய்வு கிடைக்கும், மறுத்தால் காசு கிடைக்கும். வாயால் கேட்டது பின்னால் நிற்காது.

கம்பெனி விதியோ தொழிற்சங்க ஒப்பந்தமோ சட்டத்தைவிட அதிகமாகக் கொடுத்தால் அந்த அதிகம்தான் கணக்கு. சட்டம் சொல்வது குறைந்தபட்ச அளவு.

எந்த லீவுக்குக் காசு?

ஈட்டிய விடுப்புக்கு மட்டும். சில இடங்களில் இதை இ.எல். என்பார்கள், சில இடங்களில் பி.எல். என்பார்கள், மில்களில் வருட லீவு என்றும் சொல்வதுண்டு. தற்செயல் விடுப்பு, மருத்துவ விடுப்பு இரண்டும் தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளக் கொடுக்கப்படுபவை. ஒப்பந்தத்தில் தனியாக எழுதியிருந்தால் ஒழிய அவை மிச்சமிருந்தாலும் காசாக மாறாது. கடைகள் சட்டத்தில் ஒரு விலக்கு உண்டு. தொழிலாளி நோயாக இருக்கும்போதோ விபத்தில் அடிபட்டுக் கிடக்கும்போதோ வேலையை விட்டு நிறுத்தினால், அன்றைக்கு அவருக்குப் பாக்கியிருந்த மருத்துவ விடுப்புக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அப்படிப்பட்ட நேரத்தில் நிறுத்துவதே சரியில்லை என்பது என் எண்ணம். நிறுத்தினால் இதையாவது மறக்காமல் கொடுங்கள்.

நாள் எண்ணுவது

பெரும்பாலான சண்டை இங்கேதான் வருகிறது. பொறுமையாகப் பார்ப்போம்.

அடிப்படை விதி எளிது: 20 நாள் வேலை செய்தால் ஒரு நாள் விடுப்பு. 18 வயது ஆகாத வளரிளம் பருவத்தினருக்கு 15 நாளுக்கு ஒன்று. சுரங்கத்தில் தரைக்குக் கீழே வேலை செய்பவர்களுக்கும் 15 நாளுக்கு ஒன்று. கணக்கு ஆண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரை. ஓர் ஆண்டில் 180 நாள் வேலை செய்திருந்தால் விடுப்புக்குத் தகுதி வந்துவிடுகிறது. பழைய தொழிற்சாலைகள் சட்டத்தில் இது 240 நாளாக இருந்தது. இன்னும் பல டைம் ஆபீஸ்களில் 240 என்று எழுதிய பழைய அட்டை சுவரில் தொங்கிக்கொண்டிருக்கும். அதைக் கழற்றிவிடுங்கள்.

இப்போது யாரும் சொல்லித் தராத விஷயத்துக்கு வருகிறேன். அந்த 180 நாள் நிபந்தனை வேலையில் இருந்துகொண்டு லீவு எடுப்பவருக்குத்தான். வருடத்தின் நடுவில் ஒருவர் விலகினாலும், நிறுத்தப்பட்டாலும், ஓய்வு பெற்றாலும், இறந்துபோனாலும் அந்த நிபந்தனையைப் பார்க்கக் கூடாது. தகுதி நாள் நிறையாவிட்டாலும், வேலை செய்த நாளுக்கு 20க்கு ஒன்று என்ற விகிதத்தில் கொடுக்க வேண்டும் என்று 32ஆவது பிரிவே சொல்கிறது. பழைய 79ஆவது பிரிவும் இதையேதான் சொன்னது. “நாலு மாசம்தானே இருந்தே, இ.எல். எங்கே வந்தது” என்று எத்தனையோ பேரை வெறுங்கையோடு அனுப்பியிருக்கிறார்கள். 70 நாள் வேலை செய்துவிட்டுப் போகும் புதுப் பையனுக்குக்கூட 70ஐ 20ஆல் வகுத்தால் மூன்றரை வரும். பழைய தொழிற்சாலைகள் சட்டம் சொன்னபடி, அரை நாளோ அதற்கு மேலோ வந்தால் முழு நாளாக எடுக்க வேண்டும், குறைந்தால் விட்டுவிடலாம். ஆக அவனுக்கு 4 நாள்.

ஒழுங்கீனத்துக்காக வேலை நீக்கம் செய்யப்பட்டவருக்கும் இது உண்டு. சட்டத்தில் “வேலை நீக்கம்” என்ற சொல் தனியாகவே இருக்கிறது. கோபத்தில் இருக்கும் முதலாளிகள் இதை ஏற்க மாட்டார்கள். நான் அவர்களிடம் சொல்வது ஒன்றுதான்: அவன் செய்த தப்புக்கு வேலை போய்விட்டது, ஏற்கெனவே செய்த வேலைக்குச் சேர்ந்த நாளை எப்படித் திரும்பப் பிடுங்குவது?

வேலை செய்யாவிட்டாலும் தகுதிக் கணக்கில் சேர வேண்டிய நாட்கள் சில உண்டு. லே-ஆஃப் (வேலை இல்லாததால் தற்காலிகமாக நிறுத்தி வைப்பது) கொடுத்த நாட்கள், மகப்பேறு விடுப்பு, எடுத்த வருட லீவு ஆகியவை 180ஐ எட்டுவதற்குச் சேரும். ஆனால் அந்த நாட்களுக்கு 20க்கு ஒன்று என்று புது விடுப்பு ஊறாது. இரண்டையும் குழப்பி 26 வாரம் மகப்பேறு விடுப்பில் இருந்த பெண்ணின் தகுதியையே பலர் அடித்துவிடுகிறார்கள். அது தவறு.

அடுத்தது, போன ஆண்டிலிருந்து வரும் பாக்கி. எடுக்காத விடுப்பை 30 நாள் வரை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகலாம். அதற்கு மேல் போனதைக் காசாகக் கேட்டு வாங்கிக்கொள்ளும் உரிமை புதிய சட்டத்தில் இருக்கிறது. ஆண்டு முடிவில் தொழிலாளி கேட்டால் விடுப்பைக் காசாக்கித் தரவும் வேண்டும். இன்னொன்றும் உண்டு: முறையாக விண்ணப்பித்து மறுக்கப்பட்ட விடுப்புக்கு இந்த 30 நாள் வரம்பே கிடையாது. எவ்வளவு ஆனாலும் சேரும். “சீசன் நேரம், ஆர்டர் போக வேண்டும், அப்புறம் பார்க்கலாம்” என்று லீவுச் சீட்டைத் திருப்பிக் கொடுத்திருந்தால் அந்தச் சீட்டைத் தொழிலாளி பத்திரமாக வைத்திருக்க வேண்டும். முதலாளியும் தன் பதிவேட்டில் “மறுக்கப்பட்டது” என்று எழுதி வைக்க வேண்டும். வெறும் கழித்தல் குறி போட்டுவிட்டு, டிசம்பர் 31 அன்று “லேப்ஸ்” என்று சிவப்பு மையில் எழுதுவது சட்டப்படி நிற்காது.

ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். ஸ்பின்னிங்கில் வேலை செய்யும் ஒருவர் ஜூலை 31 அன்று விலகுகிறார் என்று வைத்துக்கொள்வோம். போன ஆண்டிலிருந்து 11 நாள் பாக்கி. இந்த ஆண்டு ஜனவரி முதல் அவர் உண்மையில் வேலை செய்தது 163 நாள். 163ஐ 20ஆல் வகுத்தால் 8.15, அதாவது 8 நாள். 180 ஆகவில்லையே என்று யோசிக்க வேண்டாம், அவர் விலகுகிறார். ஆக 19 நாள். தங்கை கல்யாணத்துக்கு இந்த ஆண்டு 5 நாள் எடுத்திருக்கிறார். மீதி 14 நாள்.

அந்த 5 நாளையும் ஒருமுறை சரிபாருங்கள். வெள்ளிக்கிழமை முதல் செவ்வாய்க்கிழமை வரை லீவு என்றால் நடுவில் வரும் ஞாயிறு வார விடுமுறையை விடுப்பு நாளாக எண்ணக் கூடாது. விடுப்புக்கு முன்னாலும் பின்னாலும் ஒட்டி வரும் விடுமுறை நாளும் அப்படித்தான். பழைய பதிவேடுகளில் ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்து அடித்திருப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மூன்று வருடத்தில் ஏழெட்டு நாள் இப்படியே கரைந்துபோகும்.

ஒரு நாள் சம்பளம் எவ்வளவு?

இரண்டு கேள்விகள். எந்தத் தொகையை எடுப்பது, எத்தனையால் வகுப்பது.

புதிய தொகுப்புகளில் “ஊதியம்” என்றால் அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி, தக்கவைப்புப் படி ஆகியவை. வீட்டு வாடகைப்படி, பயணப்படி, ஓவர்டைம், போனஸ், கமிஷன் போன்றவை சேராது. ஆனால் அப்படிச் சேராதவை மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி ஊதியத்தோடு சேர்ந்துவிடும். மொத்தம் 20,000, அதில் அடிப்படையும் பஞ்சப்படியும் 8,000, மற்ற படிகள் 12,000 என்றால், பாதியான 10,000ஐத் தாண்டிய 2,000 ஊதியத்தில் சேர்ந்து ஊதியம் 10,000 ஆகும். அடிப்படையைச் சின்னதாக்கி மீதியெல்லாம் படிகளாகப் பிரித்துக் காட்டும் வழக்கத்துக்கு இது ஒரு கடிவாளம்.

அடுத்தது வகுத்தல். மாதத்தின் வேலை நாளான 26ஆ, மொத்த நாளான 30ஆ? இதில் என் முடிவு தெளிவானது. மேலே சொன்னபடி விடுப்பு நாளில் ஞாயிறு சேராது. 14 நாள் விடுப்பு என்றால் 14 வேலை நாள். அப்படியானால் சம்பளத்தையும் வேலை நாளால்தான் வகுக்க வேண்டும். நாள் எண்ணும்போது ஞாயிறை விட்டுவிட்டு, காசு கொடுக்கும்போது மட்டும் ஞாயிறையும் சேர்த்து 30ஆல் வகுப்பது நியாயமில்லை. பழைய சட்டத்தின் 80ஆவது பிரிவு இதை அழகாகவே சொல்லியிருந்தது: விடுப்புக்கு முந்தைய மாதத்தில் முழு நேரம் வேலை செய்த நாட்களில் சம்பாதித்ததன் சராசரி, பஞ்சப்படி சேர்த்து, ஓவர்டைமும் போனஸும் நீக்கி. இன்றும் அந்த வழியிலேயே போடுங்கள் என்பேன். 18,200 ரூபாய் ஊதியத்தை 26ஆல் வகுத்தால் நாளுக்கு 700. 30ஆல் வகுத்தால் 606 ரூபாய் 67 காசு. 18 நாளுக்கு 12,600க்குப் பதில் 10,920. வித்தியாசம் 1,680 ரூபாய். முதலாளிக்கு அது பெரிய தொகை இல்லை. விலகிப் போகிறவனுக்கு அது ஊருக்குப் போகும் செலவு.

நம் ஸ்பின்னிங்காரருக்குக் கடைசி மாத ஊதியம் 17,550 என்றால் நாளுக்கு 675. 14 நாளுக்கு 9,450 ரூபாய்.

பீஸ் ரேட்டில், அதாவது ஓர் உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலியில், வேலை செய்பவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். திருப்பூர்ப் பக்கம் டெய்லர்களிடம், “பீஸ் ரேட்டுக்கு லீவு கிடையாது” என்று அடித்துச் சொல்லும் வழக்கம் இருக்கிறது. சட்டம் அப்படிப் பிரிக்கவில்லை. சம்பளத்தை மாதக் கணக்கில் கொடுப்பதா பீஸ் கணக்கில் கொடுப்பதா என்பது முறை மட்டும்தான், அவரும் தொழிலாளிதான். போன மாதம் 24 நாள் தைத்து, ஓவர்டைம் நீங்கலாக 15,600 வாங்கியிருந்தால் அவரது ஒரு நாள் 650. அதைக் கொண்டு கணக்குப் போடுங்கள்.

கடைகள் சட்டத்தில் சராசரியை எடுக்கும் காலம் மூன்று மாதம். அந்த மூன்று மாதத்தில் உண்மையில் வேலை செய்த நாட்களின் தினச் சராசரி, ஓவர்டைம் நீக்கி.

பிடித்தமும் நோட்டீஸும்

முன்பணம், கேன்டீன் பாக்கி, திரும்பத் தராத கருவிகளின் விலை என்று பிடித்தங்கள் இருக்கும். ஊதியத் தொகுப்புச் சட்டம் அனுமதிக்கும் இனங்களில் மட்டும் பிடிக்கலாம், எல்லாம் சேர்த்து அந்த ஊதியத்தில் 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஒவ்வொரு பிடித்தத்துக்கும் தனி வரி போட்டு எழுதுங்கள். “இதர பிடித்தம்” என்று மொத்தமாக எழுதினால் சந்தேகம்தான் வரும்.

நோட்டீஸ் விஷயத்தில் இரண்டு தவறுகள் நடக்கின்றன. ஒன்று, முதலாளி நிறுத்தும்போது “உன் லீவு 20 நாள் இருக்கிறது, அதையே நோட்டீஸாக எடுத்துக்கொள்” என்பது. எடுக்காத விடுப்பை நோட்டீஸ் காலத்தோடு சேர்த்துக் கணக்கிடக் கூடாது என்று தொழிற்சாலைகள் சட்டமே எழுதி வைத்திருந்தது. நோட்டீஸ் வேறு, விடுப்பு வேறு. இன்னொன்று, தொழிலாளி நோட்டீஸ் கொடுக்காமல் போனால் லீவுக் காசு முழுவதையும் நிறுத்திவிடுவது. நியமனக் கடிதத்தில் நோட்டீஸ் சம்பளம் என்று எழுதியிருந்தால் அந்தத் தொகையைக் கணக்கில் காட்டுங்கள். அதைச் சாக்காக வைத்து விடுப்புக் கணக்கையே போடாமல் விடாதீர்கள். இரண்டு பேரும் சம்மதித்து, நோட்டீஸ் நாளில் கொஞ்சத்தை விடுப்பில் கழிக்க விரும்பினால் அது வேறு. அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பி.எஃப்.பும் வரியும்

விடுப்பைக் காசாக்கிய தொகை பி.எஃப். பிடிக்க வேண்டிய அடிப்படை ஊதியம் ஆகாது என்று மணிப்பால் கல்வி நிறுவனம் தொடர்ந்த வழக்கில் 2008ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன்னும் சில கணக்கர்கள் பழக்கத்தில் 12 சதவீதம் பிடித்துவிடுகிறார்கள்.

வரி கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டியது. வருமான வரிச் சட்டத்தில் 10(10ஏஏ) என்ற பெயரில் எல்லோரும் அறிந்த விலக்கு இது. பணியில் இருக்கும்போது ஆண்டு முடிவில் காசாக்கினால் முழுவதும் வரிக்கு உட்பட்டது. வேலையை விட்டுப் போகும்போது வாங்கினால் விலக்கு உண்டு. “ஓய்வு பெறுவோருக்குத்தானே, நான் ராஜினாமா செய்தேனே” என்று கேட்பவர்களுக்கு: ராஜினாமாவும் அதில் அடங்கும் என்று எண்பதுகளிலேயே நம் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது.

தனியார் துறையில் இந்த நான்கில் எது குறைவோ அதற்கு வரி இல்லை: 25 லட்சம் ரூபாய், கையில் வாங்கிய தொகை, கடைசிப் பத்து மாதச் சராசரிச் சம்பளத்தைப் போல் பத்து மடங்கு, முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் அதிகபட்சம் 30 நாள் என்று கணக்கிட்டு, எடுத்தது போக மிஞ்சிய விடுப்பின் பண மதிப்பு. இங்கே சம்பளம் என்றால் அடிப்படை, ஓய்வூதியக் கணக்கில் சேரும் பஞ்சப்படி, விற்பனையில் நிலையான சதவீதமாக வரும் கமிஷன். 25 லட்சம் என்ற உச்சவரம்பு 2023 ஏப்ரல் 1 முதல். அதற்கு முன் 2002லிருந்து அது 3 லட்சமாகவே கிடந்தது. அன்று அரசில் அதிகபட்ச அடிப்படைச் சம்பளம் 30,000, அதன் பத்து மடங்கு 3 லட்சம். இருபது வருடம் சம்பளம் ஏறியது, வரம்பு ஏறவில்லை. இந்த 25 லட்சம் வாழ்நாள் முழுமைக்கும் சேர்த்து. முந்தைய கம்பெனியில் ஏற்கெனவே விலக்கு வாங்கியிருந்தால் அது போக மீதிதான். புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் இந்த விலக்கு உண்டு.

உதாரணம். ஆறு வருடம் எட்டு மாதம் வேலை செய்த ஒருவருக்குச் சராசரி அடிப்படையும் பஞ்சப்படியும் மாதம் 30,000. மொத்தச் சம்பளம் 50,000. கம்பெனி விதிப்படி 120 நாள் பாக்கி. கம்பெனி தாராளமாக மொத்தச் சம்பளத்தின் மேல் கணக்குப் போட்டு நான்கு மாதத்துக்கு 2,00,000 கொடுக்கிறது. முடித்த ஆண்டு 6, அதனால் 180 நாள் வரை எடுக்கலாம். அவர் 60 நாள் விடுப்பு எடுத்திருந்தால் மிச்சம் 120 நாள். அடிப்படையின் மேல் அதன் மதிப்பு 1,20,000. பத்து மாதச் சம்பளம் 3,00,000. நான்கில் குறைந்தது 1,20,000. அதற்கு வரி இல்லை, மீதி 80,000க்கு உண்டு. ஃபார்ம் 16ல் இந்த விலக்கு வந்திருக்கிறதா என்று பாருங்கள். வராவிட்டாலும் ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது நீங்களே கோரலாம்.

எத்தனை நாளுக்குள்?

இரண்டாவது வேலை நாள் முடிவதற்குள். விலகினாலும் நிறுத்தப்பட்டாலும் நீக்கப்பட்டாலும் இதுதான் கெடு. ஊதியத் தொகுப்புச் சட்டத்தின் 17ஆவது பிரிவும் ராஜினாமா செய்தவருக்குக் கடைசிச் சம்பளத்தை இரண்டு வேலை நாளுக்குள் கொடு என்கிறது. ஓய்வு பெற்றவருக்கும் இறந்தவரின் வாரிசுக்கும் விடுப்புத் தொகையைக் கொடுக்க இரண்டு மாதம் வரை நேரம் உண்டு.

நடைமுறையில் என்ன நடக்கிறது? “ஃபுல் அண்ட் ஃபைனல் 45 நாளில் வரும்” என்று எச்.ஆர். மின்னஞ்சல் அனுப்பும். ஐ.டி. கம்பெனிகளிலிருந்து சின்னப் பட்டறை வரை இந்த 45 நாள் ஒரு சம்பிரதாயமாகிவிட்டது. கிராஜுவிட்டிக்கே 30 நாள்தான். இரண்டு நாளில் முடிக்க முடியாது என்று சொல்பவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து ஒரு வழி சொல்கிறேன். ராஜினாமாக் கடிதம் வந்த அன்றே விடுப்புக் கணக்கைப் போட்டு, அதன் நகலை அவரிடம் கொடுத்துவிடுங்கள். நோட்டீஸ் ஓடும் நாட்களில் அவர் பார்த்து, “போன பொங்கலுக்கு நான் லீவு எடுக்கவில்லையே, டியூட்டிக்கு வந்தேனே” என்பார். வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். கடைசி நாளில் பேச ஒன்றும் மிச்சமிருக்காது, காசோலையில் கையெழுத்துப் போட்டால் போதும். நான் இருந்த ஆலையில் கடைசிப் பத்து வருடம் இப்படித்தான் செய்தோம்.

அந்தத் தாளில் இருக்க வேண்டியவை: சேர்ந்த தேதி, கடைசி வேலை நாள், முந்தைய ஆண்டுப் பாக்கி, இந்த ஆண்டு வேலை செய்த நாள், அதற்குச் சேர்ந்த விடுப்பு, எடுத்தது, மறுக்கப்பட்டது, மீதி, ஒரு நாள் ஊதியம் எப்படி வந்தது, மொத்தம், பிடித்தங்கள், கொடுத்த தேதி. ஒரு பக்கத்தில் முடிந்துவிடும். “இனி எனக்கு எந்தப் பாக்கியும் இல்லை” என்று கையெழுத்து வாங்குவதை எல்லோரும் செய்கிறார்கள். தொகை எழுதாத தாளில் மட்டும் வாங்காதீர்கள். தொழிலாளியும் போடாதீர்கள்.

தராவிட்டால்

முதலில் கேளுங்கள், எழுத்தில். மேலே சொன்ன கணக்கை நீங்களே போட்டு, “என் கணக்கின்படி 14 நாள், 9,450 ரூபாய் வரவேண்டும், தவறிருந்தால் உங்கள் பதிவேட்டின் நகலோடு தெரிவியுங்கள்” என்று ஒரு கடிதம். ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள், மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். பெரும்பாலும் இதிலேயே முடிந்துவிடும். தொகை எழுதிய கடிதத்துக்கும் தொகை எழுதாத கடிதத்துக்கும் கிடைக்கும் மரியாதையே வேறு.

சம்பளச் சீட்டுகள், நியமனக் கடிதம், லீவு விண்ணப்பங்களின் நகல், வருகைப் பதிவின் ஸ்கிரீன்ஷாட், விலகல் கடிதம் ஆகியவற்றை வேலையில் இருக்கும்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விலகிய மறுநாள் கம்பெனி ஆப் திறக்காது.

கடிதத்துக்குப் பதில் இல்லையென்றால், கடை, அலுவலகம் சார்ந்தவர்கள் பகுதித் தொழிலாளர் உதவி ஆய்வாளரிடமும், தொழிற்சாலைக்காரர்கள் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதாரத் துறையின் மாவட்ட அலுவலகத்திலும் புகார் கொடுக்கலாம். அப்புறம் ஊதியத் தொகுப்புச் சட்டத்தின் 45ஆவது பிரிவில் கோரிக்கை மனு. அதைத் தொழிலாளி தானாகவும் போடலாம், தொழிற்சங்கம் மூலமும் போடலாம். முன்பு 12 மாதத்துக்குள் போட வேண்டியிருந்தது, இப்போது மூன்று வருடம் வரை நேரம் இருக்கிறது. வர வேண்டிய தொகையோடு, அதைப் போல் பத்து மடங்கு வரை இழப்பீடும் விதிக்க அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. பத்து மடங்கு எப்போதும் கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். ஆனால் 9,450 ரூபாயை இழுத்தடிக்கும் முதலாளிக்கு அந்த வரியைக் காட்டினால் யோசிப்பார்.

ஒப்பந்தக்காரர் மூலம் வேலை செய்பவர்கள்

இவர்களுக்குத்தான் அதிகம் பறிபோகிறது. ஆலை அதே ஆலை, மெஷின் அதே மெஷின், ஆனால் வருடா வருடம் கான்ட்ராக்டர் பெயர் மட்டும் மாறும். பழைய கான்ட்ராக்டரிடம் சேர்ந்த விடுப்பு புதியவரின் பதிவேட்டில் பூஜ்யமாகத் தொடங்கும். பழையவரோடு இருந்த வேலை முடிகிறது என்றால் அன்றைக்கே அவர் விடுப்புக்குக் காசு கொடுத்துக் கணக்கு முடிக்க வேண்டும். அவர் கொடுக்காவிட்டால் தொழிலாளியின் ஊதியத்துக்கு முதன்மை முதலாளி, அதாவது ஆலையே பொறுப்பு. கொடுத்துவிட்டு கான்ட்ராக்டர் பில்லில் கழித்துக்கொள்ளலாம். ஆகவே ஆலைக் கணக்கருக்கு ஒரு வேண்டுகோள்: கான்ட்ராக்டரின் கடைசி பில்லை பாஸ் செய்வதற்கு முன் அவருடைய ஆட்களின் விடுப்புக் கணக்கைக் கேளுங்கள். அது வராமல் பில்லில் கையெழுத்துப் போடாதீர்கள்.

பணியில் இருக்கும்போது ஒருவர் இறந்துவிட்டால்

அவருடைய விடுப்புத் தொகை நாமினிக்கோ வாரிசுக்கோ போக வேண்டும். சட்டப்படி வாரிசுகள் பெறும் இந்தத் தொகைக்கு வருமான வரி கிடையாது. இதைக் கேட்டு வர வேண்டும் என்று அந்தக் குடும்பத்துக்குத் தெரிந்திருக்காது. பி.எஃப்., கிராஜுவிட்டி, இன்சூரன்ஸ் என்று ஓடிக்கொண்டிருப்பார்கள், லீவு யாருக்கும் நினைவு வராது. இரண்டு மாதம் கெடு இருக்கிறது என்று காத்திருக்காமல் கணக்கை நீங்களே போட்டு, என்னென்ன தாள் வேண்டும் என்பதை ஒரே தடவையில் எழுதிக் கொடுங்கள். அந்த வீட்டம்மாவை நாலு முறை ஆலை வாசலுக்கு வரவழைக்காதீர்கள். சேரும்போது நிரப்பிய நாமினி படிவத்தில் திருமணத்துக்கு முன் எழுதிய அம்மா பெயரே இருக்கும். பலர் அதை மாற்றுவதே இல்லை. உங்கள் ஆட்களின் படிவங்களை இந்த வாரம் ஒருமுறை எடுத்துப் பார்த்து, கல்யாணம் ஆனவர்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.